கை தட்டிக் கூப்பிட்டால்

அவன் கை தட்டியது ஒரே ஒரு முறை. பதிவில் கேட்டது இரண்டு.

முதல் தட்டல் 'டப்' என்று சுவரில் பட்டு, அறை முழுக்கச் சிதறி, அடங்கியது. இனி ஒன்றுமில்லை என்று நிறுத்தப் போகும் நேரத்தில், ஒரு தெரு தள்ளி நின்று யாரோ பதில் சொல்வதுபோல மெல்லிசாக இன்னொரு 'டப்'. ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டான். இருந்தது. அடுத்த வீட்டில் யாராவது பலகையைப் போட்டிருப்பார்கள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அவன் அக்காவுக்கு இன்றுவரை புரியவில்லை. சிந்தசைசர் என்கிறான், வீட்டில் ஒரு வாத்தியத்தைக் காணோம். எல்லாம் கணினிக்குள் இருக்கிறதாம். திரையில் தெரிகிற குமிழ்களைத் திருகினால் குழலும் வருமாம், கோயில் மணியும் வருமாம். ஆனால் அவன் திருகியபோது வந்ததெல்லாம் தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட ஈயின் சத்தம்தான். நேற்றுத்தான் வீடியோவில் பாடம் நடத்துகிற வாத்தியார் அதற்கு வழி சொன்னார்.

"உங்க சத்தத்துக்கு இருக்க ஒரு இடம் இல்ல. ஏதாவது ஒரு ரூமுக்குள்ள போய் ஒரு தடவை கை தட்டி ரெக்கார்ட் பண்ணிக் கொடுங்க. அந்த ரூம் எப்படி முழங்கும்னு சாஃப்ட்வேர் கத்துக்கும். அப்புறம் எதை வாசிச்சாலும் அந்த ரூமுக்குள்ள வாசிச்ச மாதிரியே கேக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. சத்தம் திரும்பி வர நேரமானா சுவர் தூரத்துல இருக்குன்னு அர்த்தம்."

குளியலறை, கூடம், மாடிப்படி எல்லாவற்றிலும் தட்டிப் பார்த்தாயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னது. இந்தப் பின் அறை மட்டும் இப்படி. ஒரு கட்டில், ஒரு அலமாரி. நடுவில் ஒரு ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும். கட்டிலில் அக்காவின் ஐந்து வயது மகள் வாண்டு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். இடி விழுந்தாலும் கலையாத தூக்கம் அவளுக்கு. இன்று அவனுக்கு விடுமுறை, அக்காவுக்குப் பகல் ட்யூட்டி. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்வரை வாண்டு அவன் பொறுப்பு.

ஏதாவது எக்கோவை அணைக்க மறந்திருப்பேன் என்று கூடத்துக்குப் போய்க் கணினியில் ஒவ்வொன்றாகப் பார்த்து அணைத்தான். புதிதாகப் பழகுகிறவன் செய்யாத கிறுக்குத்தனமா? திரும்பி வந்து, மைக்கைக் கட்டிலின் தலைமாட்டில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டு தட்டினான்.

அறையில் அவன் காதுக்கு ஒன்றுதான் கேட்டது. பதிவில் இரண்டு. இந்த முறை இரண்டாவது தட்டல் போன தடவையைவிடச் சற்று முந்தி வந்தது. சுவர் கொஞ்சம் கிட்டே வந்ததுபோல. அக்காவை ஃபோனில் கூப்பிட்டான்.

"அக்கா, பின் ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"என்னடா கேள்வி இது? மூணாவது மாடியில சுவருக்கு அந்தப் பக்கம் காக்காதான் இருக்கும். ஏன்?"

"ஒண்ணுமில்ல. கை தட்டி ரெக்கார்ட் பண்ணிட்டிருக்கேன்."

"குழந்தை தூங்கற ரூம்லயா? வீட்டுக்குள்ள சும்மா சும்மா தட்டாதடா. யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு. சரி, காலிங் பெல்லுக்கு பேட்டரி வாங்கினியா?"

"இன்னிக்கு வாங்கிடறேன்."

"ஒரு மாசமா இன்னிக்குத்தான். கதவைத் தட்டினா பக்கத்து வீட்டு நாய் ஊரைக் கூட்டுது. இன்னிக்கும் நான் வாசல்ல நின்னு கையத்தான் தட்டணும் போல" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பதிவை மென்பொருளுக்குக் கொடுத்து, ஒரு சுரத்தை அழுத்திப் பார்த்தான். உடம்பு சிலிர்த்தது. ஈயின் ரீங்காரம் எங்கே போயிற்று? ஒற்றைச் சுரம் பெரிய மண்டபத்துக்குள் நுழைந்ததுபோல விரிந்து, தூரத்துச் சுவர்களைத் தொட்டு, கனிந்து திரும்பி வந்தது. மூன்று மாதமாக எதற்காக அலைந்தானோ அது இது. சந்தோஷத்தில் அவனுக்கு வேறெதுவும் நினைவில்லை.

கூடத்தில் உட்கார்ந்து பாட்டைக் கட்ட ஆரம்பித்தான். அடியில் ஒரு கனத்த துடிப்பு, மேலே அந்த மண்டபச் சுரம், ஒவ்வொரு இரண்டாவது துடிப்பிலும் ஒரு கைதட்டல். ஆட்டம் போட வைக்கும் பாட்டுக்குக் கைதட்டல் இல்லாவிட்டால் எப்படி? நாலே வரி. அது சுற்றிச் சுற்றி ஓட, ஒவ்வொரு குமிழாகத் திருகித் திருகி மெருகேற்றினான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வெளிச்சம் சாம்பலாகி, மேசைக்கடியில் இருட்டு சேர்ந்தது. எழுந்து விளக்கைப் போட அவனுக்குத் தோன்றவில்லை.

முதலில் அதை அவன் கவனிக்கவில்லை. தட்டலுக்குப் பின்னால் இன்னொரு தட்டல் தள்ளித் தள்ளி வந்தது. அறையின் முழக்கம்தானே என்று விட்டுவிட்டான். அடுத்த சுற்றில் அது நெருங்கியிருந்தது. அதற்கடுத்த சுற்றில் இன்னும். பதிவு செய்த முழக்கம் இடம் மாறாது. கல்லில் வெட்டியது மாதிரி. இது மாறியது.

குமிழ்களிலிருந்து கையை எடுத்தான்.

தட்டல். பதில். தட்டல். பதில். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி, யாரோ நடந்து வருவதுபோலக் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அந்தச் சுற்றில் கைதட்டல் மட்டும் சதையும் எலும்புமாகக் கனத்தது.

அதற்கடுத்த சுற்றில், பதில் முந்திக்கொண்டது.

பாட்டை நிறுத்தினான். துடிப்பு நின்றது. சுரம் நின்றது. ஹெட்ஃபோனில் கைதட்டல் மட்டும் தொடர்ந்தது.

திரையைப் பார்த்தான். மைக் பச்சைப் புள்ளியோடு திறந்தே இருந்தது. பின் அறையில், கட்டிலின் தலைமாட்டில், அவன் வைத்த இடத்திலேயே. அங்கே கேட்பதெல்லாம் அவன் ஹெட்ஃபோனுக்கு வந்துகொண்டிருந்தது. திரையில் அதற்குக் கீழே இன்னொரு பச்சைப் புள்ளி. வாண்டுவின் குட்டி ஸ்பீக்கர். கதை கேட்டால்தான் தூங்குவேன் என்று அடம்பிடித்தாளே என்று மதியம் கணினியோடு அதைச் சேர்த்துவிட்டிருந்தான். கதை முடிந்ததும் பிரிக்கவில்லை. அவன் ஹெட்ஃபோனில் கேட்டதெல்லாம் அந்த அறையிலும் கேட்டிருக்கிறது.

சாயங்காலம் முழுக்க. ஒவ்வொரு இரண்டாவது துடிப்பிலும். தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் கை தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

ஹெட்ஃபோனைக் கழற்றினான். மழைச் சத்தம். ஃபிரிட்ஜின் முனகல். அதற்கு நடுவே, பின் அறைக்குப் போகும் நடையின் கோடியிலிருந்து, ஒழுங்காக, அவன் பாட்டின் வேகத்திலேயே.

டப். டப்.

குழந்தை. அது ஒன்றுதான் நினைவு. இருட்டில் தடவிக்கொண்டு பின் அறைக்கு நடந்தான். சுவரைத் தொட்டான், ஈரமாக இருந்தது. நனைந்த துணியை நாள்கணக்கில் மூடி வைத்ததுபோல ஒரு வாடை. கதவைத் தள்ளினான்.

வாண்டு கட்டிலில் சம்மணமிட்டு, அலமாரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். எதிரே யாரும் இல்லை. அவள் கைகள் முன்னே போயின. பாதியில், காற்றில், நின்றன. டப். பிஞ்சுக் கைகளிலிருந்து வரக்கூடிய சத்தமல்ல அது.

"வாண்டு." கையை நீட்டினான். "இங்க வாடா செல்லம்."

"மாமா, நீதான் கூப்பிட்டியாமே?" அவள் திரும்பவில்லை. "ரொம்ப தூரத்துலேர்ந்து வராங்களாம். பாவம், கை வலிக்குதாம்."

அவள் கைகள் காற்றில் நின்றவை நின்றபடி இருந்தன. கீழே இறங்கவில்லை. விரல் நுனிகள் வெளுத்தன. எதுவோ அவற்றைப் பிடித்திருந்தது. மெல்ல, மிக மெல்ல, மேலே தூக்கியது. குழந்தையின் முழங்கால் மெத்தையை விட்டு எழும்பியது.

அவன் பாய்ந்து அவளை இடுப்போடு கட்டிக்கொண்டான். இழுத்தான். வரவில்லை.

அப்போது வாசலில் கைதட்டல் கேட்டது. இரண்டு தட்டு. சாவகாசமான, பழகிய தட்டு. தினமும் கேட்கிற தட்டு.

குழந்தை பொத்தென்று அவன் மடியில் விழுந்தாள்.

"போயிட்டாங்க" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "அம்மா கூப்பிடறாங்கன்னு போயிட்டாங்க."

'அக்கா, தட்டாதே' என்று கத்த வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நடையில் ஒரு தட்டல். கூடத்தில் ஒரு தட்டல். பிறகு, அவன் கையாலேயே மதியம் போட்ட தாழ்ப்பாள், நிதானமாக விலகும் சத்தம்.

"அப்பாடா, திறந்தியா! ஏன்டா வீட்டை இப்படி இருட்டடிச்சு வச்சிருக்கே?" அக்காவின் குரல். குடையை உதறினாள். செருப்பைக் கழற்றினாள். "சரி சரி, கையை விடு. ஏன்டா இப்படி ஜில்லுன்னு இருக்கு? தம்பி... கையை விடுடா."

பை கீழே விழுந்தது. ஏதோ உருண்டு சுவரில் முட்டி நின்றது.

அப்புறம் மழை மட்டும். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைக்கவில்லை.

இருட்டில், கட்டிலின் ஓரத்தில், அவன் குழந்தையின் கைகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் தனித்தனியாக இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் விடுவித்துக்கொள்ளத் துடித்தாள். கூடத்தில் இப்போது இரண்டு ஜோடிக் கைகள் தட்டின. ஒன்று கனமாக. மற்றது, தினமும் கேட்கிற தட்டு. தட்டிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தன.

"மாமா, கையை விடு" என்றாள் வாண்டு. "அம்மா கூப்பிடறாங்க."