குழாயைப் பிடித்த விரல்கள்

பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் இருந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றே ஒன்றுதான். எழுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழையில் நனைந்தபடி, சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன கணவன் நாகப்பனைத் திருமுல்லைவாயிலிலிருந்து கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தாள் பஞ்சவர்ணம். மூன்றாவது தடவை.

முன்பு வந்தபோதெல்லாம் ஒரே கதை. தொடை நரம்பில் ட்யூப்பைச் செருகுவார்கள். ரத்தம் ஓடத் தொடங்கும். பிறகு நின்றுவிடும். ரத்தம் உறையவும் இல்லை, ட்யூப் மடங்கவும் இல்லை. உருவிவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். கால் வீக்கமும் மூச்சிரைப்பும் ஏறிக்கொண்டே போயின.

இன்றும் நின்றது.

"ஆடாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?" டாக்டர் எரிந்து விழுந்தார்.

"நான் அசையவே இல்ல சார்," என்று முனகினான் நாகப்பன்.

டாக்டர் வேறு ட்யூப் எடுத்துவரப் போனார். வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பஞ்சவர்ணம் அதற்குமேல் பொறுக்க முடியாமல் உள்ளே நுழைந்தாள். டெட்டால் நெடி. அதற்கடியில் அழுகிய மல்லிகை வாடை.

குனிந்து பார்த்தாள். தொடைக்கு ஒரு சாண் தள்ளி ட்யூப் நசுங்கியிருந்தது. யாரோ கிள்ளிப் பிடித்ததுபோல.

அங்கே கை வைத்தாள்.

விரல்கள் தட்டுப்பட்டன.

சில்லென்று, ஈரமாக. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. "யாரோ விரலால புடிச்சினு இருக்காங்க!" என்று கத்தினாள்.

மெஷின் பக்கத்தில் நின்ற நர்ஸ் ரோஸியின் முகம் வெளுத்தது. "ஜெகதாம்பாக்கா..." என்று கிசுகிசுத்தாள். "ஆவடிக்காரங்க. போன மாசம் மெஷின் ரிப்பேரு. அவங்க முறை வர்றதுக்குள்ள வெளி பெஞ்சுலயே செத்துப்பூட்டாங்க."

பயம் வரவேண்டிய இடத்தில் பஞ்சவர்ணத்துக்கு ஆத்திரம்தான் வந்தது.

"அதுக்கு எம் புருசன் இன்னா பண்ணாரு? நாங்களுந்தான் காத்துக்கினு கெடந்தோம்! இவரு எழுந்ததும் நீயே படுத்துக்கோ. இப்ப உடு, தாயே... உடு!"

மழைச் சத்தம் மட்டும்.

விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

ட்யூப்பில் ரத்தம் குபுக்கென்று பாய்ந்தது. திரும்பி வந்த டாக்டர் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார். மாலைவரை அது நிற்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு நாகப்பன் மூச்சிரைக்காமல், "பசிக்குது பஞ்சு," என்றான். தொடையில் கட்டுப் போட்டார்கள். ரோஸி ட்யூப்பைக் கழுவித் தட்டில் வைத்து, மெஷினின் ஒயரைப் பிடுங்கினாள்.

கணவனைத் தோளில் சாய்த்தபடி பஞ்சவர்ணம் வாசலைத் தாண்டும்போது பின்னால் மோட்டார் உறுமியது.

திரும்பினாள்.

பிடுங்கிய ஒயர் தரையில்தான் கிடந்தது. ரோஸி சுவரோடு ஒட்டி நின்றாள். காலிக் கட்டிலின் விரிப்பு ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது.

தட்டில் ட்யூப் இல்லை. அது கட்டிலின் பள்ளத்திலிருந்து மெஷினுக்கு நீண்டிருந்தது. அதற்குள் கருஞ்சிவப்பாக ஏதோ மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.