தண்ணீர் தெளிக்காத சுவர்

சுவரைத் தட்டினால் தட்டிய சத்தம்தான் கேட்க வேண்டும். காண்ட்ராக்டர் தட்டியபோது உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது.

பட்டப்பகல். ஸ்டோர் ரூமில் பழைய பேப்பர் வாடையும், அதற்கடியில் இன்னதென்று சொல்லமுடியாத ஒரு காய்ந்த, நமநமக்கும் நெடியும் இருந்தன. முப்பது வருஷம் சுவர்களோடு குடித்தனம் நடத்தியவர், காதில் ஏதோ கோளாறு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"போன மாசத்துல இருந்து இப்படித்தான் இருமுது" என்றார் வாசலில் நின்ற வீட்டுக்காரர். "என் சம்சாரம் இருமி இருமியே செத்துப்போனதும் போன மாசம்தான்."

காண்ட்ராக்டருக்கு அந்த அம்மாளை நன்றாக ஞாபகம் இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்தது இவர்தான். நுரையீரலுக்கு ஆகாத அந்தத் தூசி பறக்காமல் நனைத்து, முழுசாகக் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்புவதாகத்தான் பேச்சு. அவசரத்தில் நனைக்காமலே சுத்தியலால் அடித்து நொறுக்கி, சில்லுகளை இந்த இரட்டைச் சுவரின் இடைவெளியில் கொட்டி, மேலே பூசி மெழுகிவிட்டார். தூசியைப் பார்த்துப் பயந்துபோய்க் கேட்ட அம்மாளிடம், "வெறும் சுண்ணாம்புதாம்மா, பெருக்கினா போச்சு" என்று வாய் கூசாமல் சொன்னார். பாவம், அவள் நம்பி ஒரு மாதம் பெருக்கினாள்.

"அந்தக் கூரை ஷீட்டையெல்லாம் அன்னிக்கே லாரியில ஏத்தி அனுப்பிட்டீங்கதானே?"

"அப்பவே அனுப்பிட்டேன் சார்."

"அப்ப உடைச்சுப் பாத்துடலாம்." வீட்டுக்காரர் சுத்தியலை நீட்டினார்.

காண்ட்ராக்டர் கை ஓங்கியது. பாதியில் நின்றது. "ஒரு பக்கெட் தண்ணி குடுங்க சார். நனைச்சுட்டு உடைக்கிறேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எதுக்கு? உள்ள ஒண்ணும் இல்லையே." வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "வீட்ல எப்பவாவது ஆஸ்பெஸ்டாஸ் உடைச்சீங்களான்னு டாக்டர் கேட்டார். இல்லைன்னு சத்தியம் பண்ணினேன். உங்கள நம்பி."

கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"சார்! தப்புதான் சார்! திறங்க!"

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க."

யாரும் அடிக்காமலே சுவர்ப்பூச்சு விரிசல் விட்டது. நடுவில் ஒரு கோடு. கோட்டிலிருந்து வெள்ளையாகத் தூசி. அது கீழே விழவில்லை. அந்தரத்தில் நின்றது, திரும்பியது, அவர் பக்கம் வந்தது.

சட்டையால் மூக்கைப் பொத்தினார். மூச்சை அடக்கினார். சுவருக்குள் இருமல் நின்றுவிட்டது. அது நின்றதுதான் அவரை உலுக்கியது. இப்போது யாரோ காத்திருந்தார்கள்.

பத்து எண்ணினார். இருபது. நெஞ்சு வெடித்தது. கண் இருண்டது.

முப்பது.

வாய் தானாகத் திறந்துகொண்டது.

கீழ்ப்பல் வரிசையின்மேல் நாலு வெள்ளை விரல்கள் வந்து பற்றிக்கொண்டன. பிடித்து, நிதானமாக, தலை குனிந்து, அவள் உள்ளே ஏறினாள்.