கைக்கு எட்டாத குகை

உலக நாடுகள் தங்கள் சண்டை சச்சரவுகளைச் சற்றே ஒத்திவைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு: பல் டாக்டர் வீட்டு மாடியறையில், நாலு சாப்பாட்டு மேசைகளை ஒட்டிப்போட்ட அகலத்துக்கு விரிந்து கிடந்த பலகையின் மேல், தண்டவாளத்தில் அழுக்குப் படிந்திருந்தது.

தண்டவாளம் என்றால் அழுக்குப் படியத்தான் செய்யும். அதற்கு டாக்டரிடம் விதி இருந்தது. எதற்கு இல்லை? மருத்துவமனையை மூடி ஓய்வு பெற்ற பிறகு மாதிரி ரயில் சங்கத்தின் தலைவராகிவிட்டவர் அவர். பொம்மை ரயில் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்த ஆளை அடுத்த கூட்டம் வரைக்கும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார். வாராவாரம் எழுந்து நின்று தொண்டையைச் செருமினாரென்றால், எல்லோர் கையிலும் டீ ஆறும்.

"உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. கீறல் விழும், கீறலுக்குள்ள அழுக்கு குடித்தனம் வந்துடும். மெல்லிசுத் துணியில ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைங்க. மலை, மரம்னு ஜோடனைக்குப் போறதுக்கு முன்னாடி வண்டியை முன்னாலயும் பின்னாலயும் ஓட்டிப் பாருங்க. வெளியிலேருந்து வர்ற மண்ணு, கல்லு, குச்சி, எதையும் கொதிக்க வைக்காம பலகை மேல ஏத்தாதீங்க. உள்ள இருக்கிறது முளைச்சுத் தொலைக்கும். எல்லாத்துக்கும் மேல, கை எட்டாத இடத்துல தண்டவாளம் போடாதீங்க. குகை வெச்சா மலைக்குப் பின்னால கதவு வைங்க. வண்டி குகைக்குள்ளதான் தடம் புரளும். வெளியில புரளாது. அதுக்குத் தெரியும்."

கடைசி வரிக்கு எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு வாரமும் சிரித்தார்கள். தலைவராயிற்றே.

டாக்டரின் மலைக்குக் கதவு கிடையாது. அறையின் மூலையில் இரண்டு சுவர்களையும் ஒட்டி, பிளாஸ்டரை அள்ளி அப்பி, பழைய நோயாளிகளின் தாடை அச்சுகளை உடைத்துப் பாறையாக நட்டு அவர் எழுப்பிய மலை அது. கதவு வைத்தால் பாறையின் அழகு கெட்டுவிடும் என்று மூடிவிட்டார். விதியெல்லாம் உறுப்பினர்களுக்கு.

இப்போது விஷயம் அழுக்கில் இருந்தது. துணியில் வரும் அழுக்கு கறுப்பாக வரவேண்டும். இது மஞ்சள் கலந்த வெள்ளையாக, கொழகொழவென்று, விரலில் எடுத்தால் நகத்தின் வளைவுக்குள் தானாகவே ஏறிக்கொள்வதுபோல் வந்தது. டாக்டர் அதை மூக்கருகே கொண்டுபோனார். ஆயுள் முழுவதும் அடுத்தவர் வாய்க்குள் தலையைக் கொடுத்துப் பிழைத்தவருக்கு அதன் பெயரைச் சொல்ல யாரும் வேண்டியதில்லை.

பல் ஊத்தை.

கையைக் கழுவினார். மறுபடி கழுவினார். கழற்ற வராமல் விரலோடு ஊறிப்போன கல்யாண மோதிரத்தின் அடியில் அது போய் உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது அந்தக் கையைத் தொடையின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஸ்பூனால் சாப்பிட்டார்.

"ஏங்க, மாடியில என்ன நாத்தம் அது?" என்றாள் மனைவி. "காலையில பல்லு விளக்காத ஆளு மூஞ்சிக்கு நேரா வந்து பேசுற மாதிரி இருக்கு."

"எலி செத்திருக்கும்க்கா" என்றான் அவள் தம்பி. அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்க வந்து ஒரு வருஷமாகத் தங்கியிருப்பவன். "இல்லேன்னா அத்தானோட ரயில்ல பயணிங்க யாரும் பல்லு விளக்குறதில்ல. பல் டாக்டர் ஓட்டுற வண்டியிலேயே இப்படியா?"

"மச்சான், மாதிரி ரயிலைப் பத்தித் தெரியாம பேசாதே."

"தெரிஞ்சு பேசினா இன்னும் மோசமா இருக்கும் அத்தான்."

அவன் எதையும் தெரிந்து பேசவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள விஷயம் இருந்தது.

சங்கத்தில் எல்லோரும் வாயைப் பிளந்தது அவருடைய ஜல்லியைப் பார்த்துத்தான். தண்டவாளத்துக்கு அடியில், ஒன்றுபோல் இல்லாமல், வெள்ளையும் பழுப்பும் காபிக் கறையுமாக, விளிம்புகள் மழுங்கி, நிஜ ரயில்பாதையைச் சுருக்கிக் கொண்டுவந்து கொட்டியதுபோல் இருக்கும். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் "தனிச் சரக்கு" என்று கண்ணை மூடிச் சிரிப்பார். தனிச் சரக்குதான். மருத்துவமனையை மூடியபோது கழிவு வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கவேண்டிய கண்ணாடி ஜாடிகளை, அத்தனை வருஷம் பிடுங்கிச் சேர்த்த பற்களை, அவர் அனுப்பவில்லை. துணியில் முடிந்து சுத்தியலால் தட்டினார். சலித்தார். பசையில் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் கலந்து சொட்டுசொட்டாக விட்டு ஒட்டினார். பெரிய கடைவாய்ப் பற்களை உடைக்காமல் குகைக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்தில், பாறையாகக் குவித்து வைத்தார்.

கொதிக்க வைக்கத்தான் நினைத்தார். ஜாடியோடு சமையலறைக்குள் நுழைந்ததும் மனைவி அடுப்பை மறித்துக்கொண்டு நின்றாள். ஜாடியில் என்ன என்றுகூட அவள் கேட்கவில்லை. "மண்ணோ மண்ணாங்கட்டியோ, என் பாத்திரத்துல அது வேகக்கூடாது" என்றாள். சரிதான், காய்ந்த பல்லில் என்ன இருந்துவிடப்போகிறது என்று டாக்டர் மாடியேறிவிட்டார். சலிக்க எடுத்துப்போன டீ வடிகட்டியை மட்டும் அலசி, அவள் பார்க்காத நேரம் பார்த்துத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சம்மேளனத்திலிருந்து நடுவர் வருகிறார். நாட்டில் உள்ள எல்லாச் சங்கங்களுக்கும் டாக்டரின் விதிகளையே பொது விதிகளாக அறிவிப்பதாகப் பேச்சு. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: அவருடைய ரயில் நடுவர் கண்முன்னால் தடங்கலில்லாமல் ஓடவேண்டும். டாக்டர் இதற்காகப் புதிதாகச் சட்டையே தைத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், அடியில் துடைப்பான் கட்டிய பெட்டியை இன்ஜினில் கோத்துக் குகைக்குள் அனுப்பினார். உள்ளே சக்கரத்தின் சத்தம் மாறியது. உலோகத்தின் மேல் உலோகம் ஓடும் அந்தச் சன்னமான கரகரப்பு அமுங்கி, ஈரத்துணியின் மேல் ஓடுவதுபோல ஒரு சப்புச் சப்பென்ற ஒலி சுவரோரமாக நகர்ந்து, நகர்ந்து, மறுவாசலில் பெட்டி வெளியே வந்தபோது அதன் முதுகிலிருந்து குகையின் இருட்டு வரைக்கும் ஒரு நூல் நீண்டிருந்தது. கண்ணாடிபோல் பளபளத்தது. வண்டி போகப்போக மெலிந்தது, நடுவில் குமிழி ஒன்று கட்டித் தொய்ந்தது, பிறகு அறுந்து, தண்டவாளத்தின் மேல் படுத்தது.

எச்சில்.

டார்ச் அடித்துப் பார்த்தார். குகை வாயில் அவர் சாம்பல்நிறம் பூசியிருந்த இடம் வெடித்து, வெடிப்புக்குள் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. விரலால் அழுத்தினார். அமுங்கியது. விரலை எடுத்ததும் வெளுத்த இடத்தில் மெல்ல ரத்தச்சிவப்பு திரும்பியது. ஆரோக்கியமான ஈறு அப்படித்தான் செய்யும் என்று நோயாளிகளிடம் அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் கோடாலி தேடுவான். டாக்டர் பெயின்ட் தேடினார். சிவப்பின் மேல் சாம்பல் பூசினார், ஈரத்தின் மேல் பாசிப்பச்சை தூவினார், அறை முழுக்க ரோஜா வாசனை அடித்தார். ரோஜாவும் அந்த வாடையும் சேர்ந்து, வாந்தி எடுத்தவன் பாக்குத்தூள் போட்டுக்கொண்டதுபோல ஆனது. நாளைக்கு ஒரு நாள். ஒரு சுற்று. அப்புறம் உடைத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடுவர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் அளவுகோல், முகத்தில் நாட்டையே சுமக்கிற களை. சங்கத்தினர் பலகையைச் சுற்றி நின்றார்கள். டாக்டர் திரைச்சீலைகளை இழுத்து மூடி, விளக்கை அணைத்தார். இரவு ஓட்டம். பட்டப்பகல் பிசிறில்லாமல் இருட்டாகி, பலகையின் மேல் மிளகளவு விளக்குகள் எரிந்தன. அத்தனை பேரின் மூச்சும் அறையில் சூடாக நின்றது. அதில் ஒன்று மூலையிலிருந்து வந்ததை டாக்டர் மட்டும் கேட்டார்.

வண்டி கிளம்பியது. இன்ஜின், இரண்டு பயணிகள் பெட்டி, கடைசியில் மரக்கட்டை ஏற்றும் திறந்த வண்டி, காலியாக. நிலையம், பாலம், வளைவு. குகைக்குள் போனது.

வரவில்லை.

"உள்ள தடம் புரண்டிருக்கும்" என்றார் நடுவர். "பின்னால கதவு வெச்சிருப்பீங்களே? உங்க விதிதானே அது."

சங்கம் சிரித்தது. பழக்கம்.

"வெச்சிருக்கேன்" என்றார் டாக்டர். "இதுக்கெல்லாம் கதவைத் திறக்கணுமா? முன்னாலயே எடுத்துடலாம்." புதுச்சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு குகைக்குள் கையை விட்டார்.

வெதுவெதுப்பு. முதலில் அதுதான். பிறகு ஈரம், பிறகு விரல்களின் பழக்கம் தானாகவே வேலையைத் தொடங்கியது. மேலே வரிவரியாக மேடு: அண்ணம். பக்கத்தில் வழவழப்பு: கன்னத்தின் உட்புறம். கீழே, ஈறு. ஈறைக் கீறிக்கொண்டு வெளியே வரும் முனைகள், புத்தம் புதியவை, அரிசி நுனிபோல. இவ்வளவு இளசு. அவர் வாழ்நாளில் இத்தனை ஆரோக்கியமான வாயைத் தொட்டதில்லை.

அடியில் ஏதோ புரண்டது. தடித்து. சொரசொரவென்று.

அவர் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தது.

"கிடைச்சுதா அத்தான்?" மச்சானின் குரல்.

கத்தியிருக்கலாம். விளக்கைப் போடு என்று ஒரு வார்த்தை. மச்சான் சிரிப்பான். நடுவர் கதவைத் தேடுவார். கதவு இருக்காது. டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"தடம் புரண்ட வண்டியை" என்றார், "பிடிச்சு இழுக்கக்கூடாது. முதல்ல சக்கரம் எங்க இருக்குன்னு விரலால தடவி... நிதானமா..."

குகை மூடிக்கொண்டது. மெதுவாக. பால்குடிக்கும் குழந்தை கவ்வுவதுபோல.

வலிக்கவில்லை. விரல் நுனியில் சுருக்கென்று ஏதோ ஏறியது, அவ்வளவுதான். பிறகு மரத்தது. மணிக்கட்டு. முழங்கை. அந்த மரப்பு அவருக்குத் தெரியும். பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டுவிட்டு, இனிமேல் ஒன்றும் தெரியாது என்று நோயாளியின் தோளைத் தட்டுவார். தோள் மரத்தது. கழுத்து. தாடை. நாக்கு வாய்க்குள் அடுத்தவருடையதுபோல் கிடந்தது.

இப்போது கத்த நினைத்தார்.

"ஆ" என்றார். கடைவாயில் எச்சில் வழிந்தது.

உள்ளே ஜல்லி நொறுங்குவதுபோல் சத்தம்.

"வேலை நடக்குது" என்று சங்கத்தில் யாரோ மரியாதையோடு முணுமுணுத்தார்கள்.

மறுவாசலில் வெளிச்சம். வண்டி வந்துவிட்டது. கைதட்டல் அறையை நிறைத்தது. திறந்த வண்டி காலியாக இல்லை. அதில் ஒரு கட்டை படுத்திருந்தது, ஒரு முனை வெளிறி வழவழப்பாக, மறுமுனை கறுத்து ஈரமாக. நடுவில் பித்தளைபோல் ஒரு வளையம்.

நடுவர் குனிந்து அளவுகோலை நீட்டினார். "வேலைப்பாடு பிரமாதம். ஆனா அளவு தப்பு. இந்தச் சைஸ் வண்டிக்கு இவ்வளவு பெரிய கட்டை வரக்கூடாது."

"அத்தானுக்கு எல்லாமே கொஞ்சம் பெருசாத்தான் வேணும்" என்றான் மச்சான்.

வண்டி இன்னொரு சுற்றுக் கிளம்பியது. வண்டியை ஓட்டும் கன்ட்ரோலர் பக்கம் யாரும் இல்லை. இருட்டில் மனைவி தட்டோடு வந்து, எல்லோருக்கும் டீ கொடுத்து, ஒரு டம்ளரைக் கணவரின் வெளியில் இருந்த கைப்பக்கம் வைத்தாள். "ஏங்க, ஆறிடும்." அவர் மலையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் தோள்வரை அதன்மேல் சாய்ந்து நின்றார். கண்கள் மட்டும் அவளைத் தேடின. அவள் அடுத்த ஆளுக்கு டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கை எட்டாத இடத்தில் தண்டவாளம் போடாதீர்!" நடுவர் நிமிர்ந்து நின்று அறிவித்தார். "இன்று முதல் நாட்டிலுள்ள எல்லாச் சங்கங்களுக்கும் இதுவே விதி!"

வண்டி குகைக்குள் போயிற்று, வெளியே வந்தது. இன்னொரு கட்டை. மறுபடி போயிற்று. பலகை நெடுகிலும், நிலையத்திலிருந்து பாலம் வரைக்கும், தண்டவாளத்துக்கு அடியில் ஒட்டியிருந்த ஜல்லி ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், கூர்முனை மேலே வரும்படி திரும்பிக்கொண்டிருந்தது.

டீ நன்றாக இருக்கிறது என்றார் நடுவர்.