கன்னம் பதிந்த கட்டை

தேய்த்த இடத்தில் மரத்தூள் ஈரமாக வந்தது.

மற்ற இடத்துத் தூளெல்லாம் முறைப்படி நடந்துகொண்டது. உப்புத்தாளை விட்டு எழும்பியதும் ஆடிக்காற்றில் ஏறி, பின்கதவு வழியாக வெளியேறி, கரிசல் காட்டுப் பக்கம் போய்விட்டது. இந்த ஒரு குழியிலிருந்து வந்தது மட்டும் நனைந்த ரொட்டித்தூள் போல ஜெஸ்டினின் விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தான். பழைய எண்ணெய், துருப்பிடித்த இரும்பு, அப்புறம் வியர்வை. தன் வியர்வையாக இருக்கும் என்று முடிவு செய்தான். அந்த வீட்டில் வியர்க்க வேறு ஆள் கிடையாது.

அது ஒரு பழைய ராணுவத் துப்பாக்கியின் பின்கட்டை. தோளில் முட்டுக்கொடுத்து, கன்னத்தைச் சாய்த்துக் குறி பார்க்கிற பகுதி. பட்டாளத்தில் வேலை முடிந்து கல்லூரி என்.சி.சி.க்கு வந்து சேர்ந்த துப்பாக்கி. வருடத்துக்கு இரண்டு முறை கொடிக்கு மரியாதை செய்துவிட்டு மிச்ச நாளெல்லாம் அலமாரியில் தூங்கும். ஏறக்குறைய பேராசிரியர் உத்தியோகம். ஸ்டோர் பொறுப்பாளர் சுந்தரபாண்டியன் நேற்று இரும்பைக் கழற்றி உள்ளே பூட்டிவிட்டு, மரத்தை மட்டும் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"இரும்பு காலேஜ் கேட்டைத் தாண்டக் கூடாது, கட்டை தாண்டலாம். நாளன்னைக்குக் காலைல பெரிய ஆபீசர் பார்வையிட வாராரு. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள இங்கன இருக்கணும்."

"கொண்டாந்துருதேன் அண்ணாச்சி. இது சுடுமா?"

"எங்க பயலுவ மாதிரிதாம்லே. நேரா நிக்கும். வேற ஒண்ணும் செய்யாது."

பாலிஷ் வேலையை ஜெஸ்டின் பட்டறையில்தான் செய்வான். முதலாளி வீட்டு விசேஷம், பட்டறை பூட்டிக் கிடந்தது. வீட்டில் செய்ய மாட்டேன் என்பது வேதாகமத்தின்மேல் கை வைத்து அவன் மனைவி பிரிஸ்கில்லாவுக்குக் கொடுத்த வாக்கு. பிறந்த ஒரு மாதத்தில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. வார்னிஷ் வாடை ஆகாது என்றார் டாக்டர். அன்றைக்கே அவள் பிள்ளையோடு விளாத்திகுளத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். ஐந்து மாதமாக வீட்டைக் கழுவினான், வெள்ளையடித்தான், கெஞ்சினான். இன்று சாயங்காலம் வருகிறார்கள். இந்தத் தடவையும் பிள்ளைக்கு இழுத்தால் இனி வரவே மாட்டேன் என்று அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

பிள்ளைக்குப் பெயர் பிரின்ஸ்டன். மாமனார் வைத்தது. அது எந்த ஊர் என்று கேட்ட சொந்தக்காரருக்கு ஞானஸ்நான விருந்தில் கறி குறைந்தது.

இந்த ஐந்து மாதத்தில் ஜெஸ்டின் குக்கரோடு பேசப் பழகியிருந்தான். அது மூன்று தடவை பதில் சொல்லும். அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை.

மரத்துக்குள் ஊறிக் கிடக்கும் பழைய எண்ணெயை எடுக்க மற்றவர்கள் சாக்பொடி குழைத்துப் பூசுவார்கள். ஜெஸ்டின் பூசுவது கரிசல் மண். கொல்லையில் தோண்டி, சலித்து, களியாகப் பிசைந்து அப்பினால் காயக் காய எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு தானாக வெடித்து விழும். கட்டையின் இடதுபக்கக் குழியில் கனமாக அப்பி வெயிலில் வைத்தான். தூரத்தில் காற்றாலைகள் ஒன்றையொன்று பார்க்காமல் சுற்றின. பக்கத்து வீட்டார் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள், கதவில் பூட்டு காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் மண் வெடித்தது. குழியில் இருந்த பெரிய சில்லைப் பெயர்த்துத் திருப்பினான்.

மரத்தின் ரேகைதான் பதிந்திருக்க வேண்டும். பதிந்திருந்தது வேறு. நெருக்க நெருக்கமாய்ப் பொடிப்பொடிப் புள்ளிகள், இரண்டு நாள் சவரம் செய்யாத கன்னத்தை அழுத்தி எடுத்தது போல. ஓரத்தில் ஒரு மடிப்பு. வாயின் முனை மாதிரி.

மரத்தில் புழு அரித்த துளைகளாக இருக்கும். சில்லைக் காலால் மிதித்துத் தூளாக்கினான். புழுத் துளைதான் என்றால் எதற்கு இத்தனை அவசரமாக மிதிக்க வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது ஆவி. அமுங்கிய மரத்தின்மேல் ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் நார்கள் தண்ணீர் குடித்து உப்பி மேலே வரும். நாலு தடவை அழுத்தினான். குழி மெல்ல மெல்ல எழுந்து மட்டமானது. அப்போதுதான் போன் அடித்தது.

"மூணு மணி பஸ்ஸுல ஏறுதோம்," என்றாள் பிரிஸ்கில்லா. "வீட்டுல வாடை எதும் இல்லைல்லா?"

"சோப்பு வாடைதான்."

"பிள்ளை ஒங்கள ஆளு தெரியாம அழுதாம்னா என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

"அழட்டும். சத்தமாவது கேக்கும்லா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். குழி பழையபடி இருந்தது.

தொட்டான். சூடு. இஸ்திரிப் பெட்டியின் சூடு இல்லை, அது காய்ந்த சூடு. இது யாரோ படுத்து எழுந்த தலையணையின் சூடு. குழியின் அடியில் ஈரம் பூத்திருந்தது. பின்கதவைப் பார்த்தான். திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் மூன்று மைலுக்குக் கறுப்பு மண், யாருமில்லை.

மறுபடி ஆவி பிடித்தான். எழுந்தது. இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. பார்க்கப் பார்க்க, பொறுமையாக, மேலிருந்து யாரோ தலையைச் சாய்ப்பது போல, மரம் உள்ளே போனது.

மணி இரண்டரை. விட்டுவிட்டு ஓட முடியாது. கட்டை வீட்டில் கிடக்கும், வாடை கிடக்கும், அவள் வாசலோடு திரும்பிவிடுவாள். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தான். சூடு பறக்கத் தேய்த்தான். மரம் குடித்தது. இன்னொரு கை. குடித்தது. மூன்றாவது கைக்கு, விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

பளபளப்பு வந்துவிட்டது. வழவழப்பு வந்ததா என்று உள்ளங்கை சொல்லாது. பன்னிரண்டு வருஷத்து உப்புத்தாளில் அது காய்த்துப்போயிருந்தது. கதவோ கட்டிலோ, கடைசியில் கன்னத்தை வைத்துத்தான் பார்ப்பான். பழக்கம். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான். குனிந்து வலது கன்னத்தைக் குழியில் வைத்தான்.

அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

காற்று நின்றது. பூட்டு ஆடவில்லை. காற்றாலைச் சத்தம் இல்லை. அவன் இடது கண் தானாக மூடியது. காதுக்குள், மிக அருகில், யாரோ மூச்சை இழுத்தார்கள். விடவில்லை. பிடித்து வைத்திருந்தார்கள்.

காத்திருந்தார்கள்.

பிய்த்துக்கொண்டு எழுந்தான். தோல் பிரிந்த சத்தம். எரிச்சல். காற்று மறுபடி அடித்தது.

கட்டையில் குழி இல்லை. சுத்தமாக இல்லை. கடைந்து வந்த புதுமரம் போல மட்டமாக இருந்தது.

நாலு மணிக்குச் சுந்தரபாண்டியன் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "கெட்டிக்காரன்லே. எத்தனை வருஷத்துக் குழி, எங்கன கொண்டு போட்ட?"

"ஆவி பிடிச்சேன் அண்ணாச்சி. போயிட்டு," என்றான். சொன்னபோது நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்தான். முகத்துக்கு மட்டும் மூன்று தடவை சோப்புப் போட்டான்.

பஸ் ஐந்து மணிக்கு வந்தது. பிள்ளை இறங்கும்போதே முகத்தைக் கோணி அழத் தொடங்கியது. அழுகைக்கு நடுவில் சின்னதாக ஒரு இரைப்பு. ஐந்து மாதம் கேட்காத சத்தம். ஜெஸ்டின் கையை நீட்டி வாங்கினான். இத்தனை மெத்தென்ற கனம். ஒன்றும் யோசிக்காமல், கன்னத்தோடு கன்னத்தை வைத்து அணைத்துக்கொண்டான்.

அழுகை நின்றது. வெட்டியதுபோல.

"ஆத்தாடி," என்று சிரித்தாள் பிரிஸ்கில்லா. "அப்பாவத் தெரியுது பாருங்க."

வீட்டில் அவள் ஒவ்வொரு அறையாக முகர்ந்தாள். எண்ணெய் வாடையைக் காற்று கொண்டுபோயிருந்தது. திருப்தியாகி, பிள்ளையைத் தோளில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டே அங்குமிங்கும் நடந்தாள்.

"பஸ்ஸுல முழுக்க இழுத்துக்கிட்டே வந்தான். இப்பம் இரைப்பே இல்லை, கவனிச்சீங்களா?"

கவனித்துக்கொண்டுதான் இருந்தான். இரைப்பு இல்லை. மூச்சும் இல்லை. அந்தச் சின்ன முதுகு ஏறவில்லை, இறங்கவில்லை. பிடித்து வைத்திருந்தது.

வலது கன்னம் அவள் தோளில் அழுந்தியிருந்தது. இடது கண் இறுக மூடியிருந்தது. வலது கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண் அவன்மேல். அடுப்படிப் பக்கம் திரும்பினாள். கண் அவன்மேல். அவன் ஒரு அடி விலகினான். கண்ணும் ஒரு அடி வந்தது.

"என்னங்க, நட்டநடு வீட்டுல கையத் தூக்கிட்டு நிக்கீங்க? ஸ்தோத்திர ஜெபமா?"

அப்போதுதான் பார்த்தான். அவன் இரண்டு கைகளும் தலைக்குமேல் உயர்ந்திருந்தன. இறக்க முடியவில்லை.

அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். அவள் தோளுக்குமேல், பிள்ளையின் அரை ரூபாய் அளவு முஷ்டியிலிருந்து ஆள்காட்டி விரல் மட்டும் பிரிந்து நீண்டிருந்தது. மெதுவாக, மிக மெதுவாக, அது உள்நோக்கி மடங்கிக்கொண்டிருந்தது.