இருபதில் ஒரு பங்கு வீடு

அட்டை வீட்டின் பின்னறைக்குள் விரலை விட்டபோது உள்ளே சூடாக இருந்தது.

இளவழகன் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. காலையிலிருந்து மின்சாரம் இல்லை. மாதிரி வீட்டுக்குள் பொருத்தியிருந்த குட்டி பல்பு எரிந்து இரண்டு நாளாகிறது. விடாமல் கொட்டிய ஐப்பசி மழையில் கூடத்துத் தரையும் சுவரும் பாயும் மேசைமேல் இருந்த பசை டப்பாவும் ஈரக் குளிரேறிக் கிடக்க, அந்த ஒரு சாண் அறை மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. யாரோ படுத்து அப்போதுதான் எழுந்துபோன பாயைத் தொட்டால் இருக்குமே, அப்படி.

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பசை காயும்போது சூடு வரும் என்று சொல்லிக்கொண்டான். பசை காய்ந்து ஒரு வாரமாகியிருந்தது.

சிவில் படித்தவன். மனைவி செம்மொழி செத்த பிறகு சைட் வேலைக்குப் போகவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு பழைய வீடுகளை அளக்கப் போனான். தரங்கம்பாடியில் ஒரு தெரு வீடு, அடுத்து ஒரு நெல் களஞ்சியம். மூன்றாவதாகத் தான் குடியிருக்கும் வீட்டையே செய்ய உட்கார்ந்தான். மிராசுதார் கட்டிய தொண்ணூறு வருடத்து ஓட்டு வீடு அது. அவன் தாத்தாவை அந்தக் காலத்தில் கொல்லையைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. அப்பா அதை விலை கொடுத்து வாங்கினார். செருப்புப் பெட்டி அட்டைதான் சுவர். அதன்மேல் வாய்க்கால் வண்டலைப் பசையில் குழைத்துப் பூசினான். கல்யாணப் பத்திரிகைகளைக் கீற்றாக நறுக்கி ஈர்க்குச்சியில் சுருட்டி நாட்டு ஓடு செய்தான். தூண்களுக்குப் பென்சில். எல்லாம் இருபதில் ஒரு பங்கு. அளவில் ஒரு நூல் பிசகில்லை.

மேசைக்குப் பின்னால் மகள் தமிழ்நிலா உட்கார்ந்திருந்தாள். நாலு வயது. காலையில் இவளுக்காகத்தான் எழுந்திருக்கிறான். இவள் இல்லாவிட்டால் எழுந்திருக்க மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். இவளைக் குறித்துத் தவிர வேறு எதற்கும் ஒரு வருடமாக அவனுக்குப் பயம் வந்ததில்லை.

அவள் மடியில் ஒரு கிண்ணம் பொரி. ஒவ்வொன்றாக எடுத்து அட்டை வீட்டின் பின்சுவர் ஓட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். பல்பு வயர் நுழைய அவன் வெட்டிய ஓட்டை. மாதிரி செய்கிறவர்கள் எல்லோரும் பின்பக்கம்தான் வெட்டுவார்கள். முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

யாருக்கு என்று கேட்டான்.

"பசிக்குதாம்" என்றாள், நிமிராமல்.

குனிந்து மாதிரியின் அறைவாசல் வழியாகப் பார்த்தான். கிண்ணத்தில் பாதி காலியாகியிருந்தது. அறைக்குள் ஒரு பொரி கூட இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அவன் அக்கா ஆனந்தவல்லி அய்யம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். கையில் தூக்குவாளி. இடுப்பு வரை நனைந்திருந்தாள். வரும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அடுப்புல பூன தூங்குது. அப்பனும் மகளும் பத்திரிகைய நறுக்கித் தின்னுட்டீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. குழந்தைக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டினாள். சளி கட்டியிருக்கிறது என்று முதுகைத் தடவிவிட்டாள். அந்தப் பக்கமிருந்து எழுந்தபோதுதான் மாதிரியின் பின்சுவர் அவள் கண்ணில் பட்டது. கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"அந்த எடத்துல எதுக்குடா ஓட்ட வச்ச?"

"வயருக்கு."

"வேற எடமே கெடைக்கலயா ஒனக்கு?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. செம்மொழி காய்ச்சலில் செத்தது பின்னறையில். அன்று அவிட்டம். அந்த நட்சத்திரத்தில் செத்தால் அடைப்பு. வாசல் வழியாக எடுத்தால் வாசல் வழியாகவே திரும்பி வரும் என்பார்கள். அதனால் பின்சுவரை உடைத்து, அந்த வழியாக அவளை எடுத்துப் போனார்கள். எடுத்த கையோடு கொத்தனார் செங்கல் வைத்து அடைத்தார். ஆறு மாதம் அறை பூட்டிக் கிடந்தது. பிறகு வெள்ளையடித்துத் திறந்தார்கள். திரும்பி வர வழி தெரியாமல் போகட்டும் என்றுதான் அத்தனையும்.

அந்தச் சுவரை அவன் பத்து தடவை அளந்திருந்தான். வெட்டியது அவன் கை.

"வெறும் அட்டதான அக்கா அது" என்றான்.

"அட்டையா இருந்தா என்ன? அளவு அதுதான?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவ யாரத் தேடி வருவா தம்பி? ஒன்னயா?"

இரண்டு பேரும் குழந்தையைப் பார்த்தார்கள். பாயில் உட்கார்ந்து கிண்ணத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இன்றே இருவரையும் அய்யம்பேட்டைக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள் அக்கா. குழந்தையை மழையில் நடத்த முடியாது. தான் ரோட்டுக்குப் போய் ஆட்டோ கொண்டுவருவதாகவும் அதற்குள் துணி எடுத்து வைக்கும்படியும் சொன்னாள். படியிறங்கியவள் திரும்பினாள்.

"அத மொதல்ல அடைச்சுத் தொல."

மழை ஓட்டில் அடித்து, தாழ்வாரத்துத் தகரத்தில் ஒழுகி, முற்றத்தில் விழுந்து, மடையில் குழறிக்கொண்டு போனது. சாயங்காலம் என்று சொல்ல வெளிச்சம் இல்லை. எங்கிருந்தோ காய்ச்சல்காரர் போர்வை வாசனை வந்தது. வியர்வையும் தைலமும் கலந்த வாசனை. இளவழகன் செல்போன் டார்ச்சைப் போட்டு அட்டை வீட்டின் அறைக்குள் அடித்தான்.

கூடத்தின் கோடியில், நிஜப் பின்னறையின் சாத்திய கதவுக்கடியில், வெளிச்சக் கோடு ஒன்று நீண்டது.

டார்ச்சை அணைத்தான். கோடும் அணைந்தது.

மறுபடி போட்டுப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கிண்ணியில் வண்டல் இருந்தது. தண்ணீர் விட்டுப் பிசைந்தான். வெளியிலிருந்து மட்டும் அடைத்தால் உள்ளே பிதுங்கி விழுந்துவிடும். உள்ளிருந்தும் அழுத்த வேண்டும். ஓட்டுக்கூரையை ஒரே தட்டாகக் கழற்றித் தூக்கினான். பிடரியில் மேலிருந்து குளிர் காற்று இறங்கியது. நிமிரவில்லை. அறைக்குள் எதுவும் இல்லை. பார்த்தான். எதுவும் இல்லை.

இடது கையால் வெளியே அணை கொடுத்து, வலது கையை உள்ளே இறக்கி, மண்ணை அப்பினான். கட்டை விரலால் அழுத்தினான். புறங்கையில் என்னவோ உரசியது. துணி ஓரம் மாதிரி. வெதுவெதுப்பாக. கையை இழுத்துக்கொண்டான். கூரையை எடுத்து மூடினான்.

மழைச் சத்தம் நின்றது.

மழை நிற்கவில்லை. முற்றத்தில் நீர்க்கம்பிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

பாயைப் பார்த்தான். கிண்ணம் இருந்தது.

"நிலா."

பின்னறைக் கதவைத் தள்ளினான். இருட்டு. ஈர வண்டல் வாசனை. டார்ச்சைப் போட்டான்.

எதிர்ச்சுவர். வெள்ளையடித்த சுவர். நடுவில், செங்கல் வைத்து அடைத்த இடத்தில், கறுப்பு மண். பச்சை மண். நீர் வழிந்தது. அதில் ஒரு பள்ளம். முறம் அகலம். பள்ளத்துக்குள் வளைந்து வளைந்து கோடுகள்.

கட்டை விரல் ரேகை.

அதன்முன் தமிழ்நிலா நின்றிருந்தாள். சுவரைப் பார்த்தபடி.

"பெரிய கை வந்துச்சுப்பா" என்றாள். "வழிய அடைச்சிருச்சு. அம்மா இப்பத்தான் போகக் கெளம்புச்சு. இனி போக முடியாதாம்."

"இங்க வா."

"விட மாட்டேங்குது."

அவள் வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. வளர்ந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையின் கை. டார்ச் வெளிச்சத்தை மெல்ல மேலே கொண்டுபோனான். முழங்கை. மணிக்கட்டு. அதற்கு மேல் யாரும் இல்லை.

மணிக்கட்டைச் சுற்றித் தோல் நான்கு இடத்தில் உள்வாங்கி வெளுத்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நான்கு பள்ளங்களும் இன்னும் ஆழமாயின.