இடுப்பளவு

சிலம்பரசனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. இடது தோளில் தொடங்கிய வலி பின்மண்டைக்கு ஏறி, உப்பைப் போட்டுத் தேய்த்த மாதிரி இரண்டு கண்ணிலும் எரிந்தது. காலையிலிருந்து டீயைத் தவிர வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. மணி பன்னிரண்டரை. வெளியே மரக்காணத்து உப்பளம் முழுக்க வெயில் வெள்ளையாகக் கொதித்தது. எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லாத நேரம். தன் ஃபிளெக்ஸ் கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு, செத்துப்போன ஒரு பொம்பளைக்கு அவன் நிழல் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நிழல்தான் சொன்னபடி கேட்கவில்லை.

படத்தில் இருந்தவள் குப்பம்மாள். ஒரு கல்யாண போட்டோவிலிருந்து அவளைத் தனியாக வெட்டி, நீல வானத்து மேகத்துக்கு முன்னால் நிற்க வைத்திருந்தான். நிழல் இல்லாவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி இருக்கும். வெளிச்சம் இடது பக்கம் மேலேயிருந்து என்று வைத்தால் நிழல் வலது பக்கம் விழ வேண்டும். விழவில்லை. அவள் காலடியிலிருந்து நேராகக் கீழே இறங்கியது, நிற்கத் தரையே இல்லாத மாதிரி. நிழலின் தூரத்தைப் பூஜ்யமாக்கிப் பார்த்தான். மூடிவிட்டுத் திறந்தான். நிழல் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சூடாயிட்ச்சு, வேறொன்னும் இல்ல," என்று கம்ப்யூட்டரைத் தட்டினான்.

ஆழம் என்று படத்தில் எதுவும் கிடையாது. தாளும் தட்டை, திரையும் தட்டை. உள்ளே போகப் போகச் சிறுசாக்கு, மங்கலாக்கு, இருட்டாக்கு. பார்க்கிறவன் கண் அதை ஆழம் என்று தானே நம்பிக்கொள்ளும். பத்து வருஷமாக இதுதான் அவன் பிழைப்பு. காதுகுத்துக்கு வந்த குழந்தைக்குப் பின்னால் அருவி, கட்சிக்காரர் தலைக்குப் பின்னால் சூரியன். போன வாரம் மட்டும் அதையே தலைகீழாகச் செய்தான்.

மோகனுடைய உப்பளத்தில், உப்புத் தண்ணி ஊறுவதற்காக ஜேசிபி வைத்துப் பத்தடி தோண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. வேலி கிடையாது. கோடை மழையில் பாத்தியும் பள்ளமும் ஒரே மட்டத்துக்கு நிரம்பிக் கிடந்த ஒரு காலையில், கூடையும் தலையுமாக வந்த குப்பம்மாள் அதில் காலை வைத்தாள். சும்மாட்டுத் துணி மட்டும் மேலே மிதந்தது. விசாரணைக்கு வருகிறார்கள் என்றதும் மோகன் தண்ணியை இறைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான்.

"ஏம்பா சிலம்பு, இடுப்பளவு தெரிஞ்சா போதும். அந்தப் பொம்பள வலிப்பு வந்து வியுந்துட்டான்னு முடிச்சிடலாம்."

கடை இருந்தது மோகனுடைய கட்டடத்தில். அதை அவன் வாயால் சொல்லவில்லை. சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே ஷட்டரை ஒருமுறை பார்த்தான், அவ்வளவுதான். சிலம்பரசன் அடியிருட்டை வெளுப்பாக்கினான். ஜேசிபி பல் பதிந்த சுவரில் ஏழடியை வெட்டி எடுத்தான். தரையை மேலே இழுத்தான். அளவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று, கையில் கிடைத்த தன் படத்தையே முதுகு தெரிய உள்ளே நிறுத்தினான், இடுப்பளவில். அன்று சாயங்காலமே பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். மோகன் தன் செல்லில் இருந்ததை அழித்துவிட்டதால், அந்தப் பத்தடிக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி அவன் கம்ப்யூட்டரில் கிடந்த அசல் படம்.

குப்பம்மாளின் மகள் ஜெயப்ரியா இன்று காலையில் வந்தாள். நாளைக்குக் காரியம், ஆறுக்கு நாலில் ஒரு பேனர் வேண்டும் என்றாள். சொல்லிவிட்டும் போகவில்லை.

"விசாரணையில ஒரு போட்டோ காட்னாங்கண்ணா. பள்ளத்துல ஒரு ஆளு நிக்கிறான். ஒரு தோளு ஏறிக்கினு, ஒரு தோளு எறங்கிக்கினு. உங்க முதுகு மாதிரியே இருக்குது."

"ஊர்ல எவனுக்கும்மா முதுகு இல்ல?"

அவள் சிரிக்கவில்லை. "எவ்ளோ ஆழம்ணா அது?"

"எனக்கு இன்னா தெரியும்? இடுப்பளவுன்னு பேசிக்கிறாங்க."

"இடுப்பளவு தண்ணியில எங்கம்மா எப்டிண்ணா சாவும்? அசல் படம் இருந்தா குடுத்துடுங்க. வேற எதுவும் கேக்கல."

"அப்டி எதுவும் எங்கிட்ட இல்லம்மா."

"ரெண்டு மணிக்கு வர்றேன்," என்று போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து அவன் அந்த அசலை அழித்தான். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். அதற்குப் பிறகுதான் நிழல் இறங்க ஆரம்பித்தது.

இப்போது மவுஸ் அம்பைக் குப்பம்மாளின் காலடிக்குக் கொண்டுபோனான். அம்பு சிறுத்தது. நகர்த்த நகர்த்தக் கடுகளவாகி, மங்கி, இருட்டுக்குள் போய் மறைந்தது. வெளியே இழுத்தான். பழைய அளவுக்கு வந்தது. அதன் நுனியில் ஈரம் மினுக்கியது. கடைக்குள் சேறும் உப்புத் தண்ணியும் கலந்த நாற்றம் அடித்தது. எங்கேயோ ஒரு டீசல் இன்ஜின் தண்ணி இறைத்துக்கொண்டிருந்தது, மோகனின் பம்புசெட் போல, ஆனால் சத்தம் ரோட்டிலிருந்து வரவில்லை, டைல்ஸுக்கு அடியிலிருந்து வந்தது.

அடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டால் போதும் என்று பிரிண்ட் கொடுத்தான். மெஷின் ஃபிளெக்ஸைத் துப்பியது. தரையில் விரித்து, மரச்சட்டத்தில் ஆணி அடிக்க மண்டி போட்டான். திரையில் குப்பம்மாள் கேமராவைப் பார்த்திருந்தாள். ஃபிளெக்ஸில் அவள் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையிலிருந்து ஒரு ஆணி நழுவியது.

சத்தம் வரவில்லை.

அவன் குனிந்து தேடினான். ஃபிளெக்ஸின் மேல் ஆணி இல்லை. பக்கத்தில் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்று. இரண்டு. வெகு கீழே, 'ப்ளக்'.

எழுந்தான். பின்னால் நகர்ந்தான். எங்கே நகர்கிறோம் என்று பார்க்கவில்லை. சட்டத்தின் மூலை காலில் தட்டியது. குதிகால் நீலத்தில் பட்டது.

தரை இல்லை.

சில்லென்ற உப்புத் தண்ணி. முழங்கால். தொடை. இடுப்பு. அங்கே நின்றது. கால்விரலுக்கடியில் களிமண். இரண்டு பக்கமும் டைல்ஸைப் பிடித்துக்கொண்டான். டைல்ஸ் கெட்டியாக, காய்ந்து, வழக்கம்போல இருந்தது. எம்பினான். களி விடவில்லை.

ஷட்டர் ஏறியது. வெயில் உள்ளே விழுந்தது. ஜெயப்ரியா நின்றிருந்தாள்.

அவனைப் பார்த்தாள். ஃபிளெக்ஸைப் பார்த்தாள். அதில் வானம் மட்டும் இருந்தது. அம்மா இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"கையக் குடும்மா! ஜெயா! கையக் குடு!"

"எவ்ளோ ஆழம்ணா?"

"பத்தடி! பத்தடிம்மா! நான்தான் தரைய மேல இழுத்து வச்சேன். மோகன் சொன்னான், நான் செஞ்சேன். கையக் குடு!"

"அசலு?"

"அழிச்சிட்டேன்."

"எப்போ?"

அவன் டைல்ஸை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"நான் கேட்டுட்டுப் போன பின்னாடி."

அவன் தலையை ஆட்டினான்.

அவள் அவன் இடுப்பைச் சுற்றி அசையும் தண்ணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஷட்டரை இழுத்து இறக்கினாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இடுப்பளவு தான இருக்குது," என்றாள்.

கீழே ஒரு கை அவன் கணுக்காலைப் பிடித்தது. உப்பு அறுத்த, காய்ப்புக் காய்த்த கை. அவசரமே இல்லாத பிடி.

ஸ்டூலில் இருந்தவள் கொஞ்சம் சிறுத்தாள். கொஞ்சம் மங்கினாள்.

இடுப்பளவு போக, குப்பம்மாளுக்கு அவன் தர வேண்டியது இன்னும் ஏழடி.