இனித்த கதவு

என் தம்பி அம்மாசி சீனி கேட்டு அழுவதை நிறுத்திவிட்டான். அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. நாலு வயதுதான் என்றாலும், அவன் ஒன்றைக் கேட்க ஆரம்பித்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை.

அது மலாயாவை ஜப்பான்காரர்கள் ஆண்ட காலம். பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. அரிசிக்குப் பஞ்சம், சீனிக்குப் பஞ்சம், மருந்துக்கும் பஞ்சம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அப்பாவை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

போவதற்கு முன்னால் அப்பா எங்களுக்கு ஒரு கதவு கொண்டுவந்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பங்களா காலியாகக் கிடந்தது. அங்கிருந்து கழற்றிய, இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயிண்ட் அடித்த கனமான கதவு. நாலு கல்லை வைத்து, அதன்மேல் கதவைக் கிடத்தினார்.

"தரை ஈரம் பிள்ளைங்களுக்கு ஆகாது, மருதம்மா. நான் வர்ற வரைக்கும் இதுல படுங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா அதைத் தினமும் துடைத்து வைப்பாள். மழைக்காலத்தில் பெயிண்ட் உப்பி, செதில் செதிலாக உரிந்தது. அதற்கும் அம்மா வருத்தப்பட்டாள்.

அந்த மழைக்காலத்தில்தான் அம்மாசி நோயில் விழுந்தான். முதலில் வயிற்றுவலி, பிறகு வாந்தி. கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். முகம் வெளுத்து, கை கால் குச்சியாகிவிட்டது. எழுந்து நின்றால் தடுமாறி விழுவான். எனக்குப் பயமாக இருந்தது. அதே மாதம் எங்கள் லயத்தில் இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் செத்துப்போயிருந்தார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இடத்தில் இருந்து மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் பரஞ்சோதி, "வயித்துல பூச்சி" என்றார். வேறு மருந்து இல்லாததால் பப்பாளி விதையை அரைத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தோம். ஒன்றும் சரியாகவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா குரலைத் தாழ்த்தி, "துரை வீட்டுக் கதவுல படுக்க வைக்கிறீங்க. துரையோட பேய்தான் பிடிச்சிருக்கு" என்றாள்.

"துரை எங்கக்கா செத்தார்? லாரியில ஏறி ஓடினதை நீங்களும்தானே பார்த்தீங்க?" என்று கேட்டேன். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றிவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் அம்மா கிழங்குக் காட்டு வேலைக்குப் போயிருந்தாள். நான் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தேன். அம்மாசி கதவின்மேல் குப்புறப் படுத்து, அதன் ஓரத்தில் வாயை வைத்திருந்தான்.

"என்னடா பண்றே?"

"சீனி" என்றான்.

குனிந்து பார்த்தேன். கதவின் ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பல் தடம். அவன் நகத்திலும் உதட்டிலும் வெள்ளைத் தூள். ஒரு செதிலை எடுத்து நாக்கில் வைத்தேன். லேசாக இனித்தது.

உடனே துப்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் சீனியைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னொரு செதிலுக்குக் கை போனது. அப்போதுதான் அம்மாசியின் முகத்தைப் பார்த்தேன். துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்தேன். அவன் வாயையும் கையையும் கழுவி, அவனைச் செல்லாயி அக்காவிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

இலையில் மடித்துக் கொண்டுபோன செதிலை நீட்டி, "ஐயா, தம்பிக்குப் பூச்சி இல்லை. அவன் இதைத்தான் தின்னுக்கிட்டு இருக்கான்" என்றேன்.

டிரஸ்ஸர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பினாங்குல நான் வேலை பார்த்தப்ப, பெயிண்ட் அடிக்கிறவங்க இதே வயித்துவலியோட வருவாங்க. இதுல காரீயம் கலந்திருக்கு. அது விஷம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், புஷ்பவள்ளி."

"மருந்து இருக்குங்களா?"

"இல்லம்மா. இனிமே அது உள்ளே போகாமப் பார்த்துக்கணும். கதவை வீட்டுல வைக்காதீங்க. சுரண்டினா தூளு ஆபத்து, எரிச்சா புகை ஆபத்து. கிணத்துக்குத் தூரமாப் புதைச்சிடுங்க."

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கதவின்மேல் கையை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"வேணும்னா பாயை மேல விரிச்சுடலாம். இது உங்கப்பா தலையில சுமந்து வந்ததுடி. அவர் வந்தா நான் என்ன பதில் சொல்வேன்?"

"அப்பா வந்ததும் கதவு எங்கேன்னு கேப்பாரா, அம்மாசி எங்கேன்னு கேப்பாராம்மா?"

அம்மா என்னை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் அழுதாள். அப்பா போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

வாசலில் செல்லாயி அக்கா எங்களை மறித்தாள். "எங்கே தூக்கிட்டுப் போறீங்க? நல்லா காஞ்ச பலகை. எனக்காச்சும் விறகுக்குக் கொடுங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதே வெள்ளைப் பெயிண்ட் அடித்த பங்களா ஜன்னல் பலகையில்தான் அவள் தினமும் கிழங்கு நறுக்குகிறாளாம். உள்ளே போய் அதையும் எடுத்துக்கொண்டு, மண்வெட்டியோடு எங்கள் பின்னாலேயே வந்தாள். லாலான் புல் மண்டிய மேட்டில் குழி தோண்டி, இரண்டையும் புதைத்தோம்.

அம்மாசி மறுநாளே எழுந்துவிட்டான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஈரத் தரையில் சாக்கு விரித்துப் படுத்தோம். அவன் கைகளை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழுவினேன். செல்லாயி அக்கா தன் ஒரே கோழி இட்ட முட்டைகளை அவனுக்குக் கொடுத்தாள். ஒரு மாதம் போனது, இரண்டு மாதமும் போனது. அவன் எங்களை விட்டுப் போய்விடுவானோ என்று அம்மாவும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே பயந்துகொண்டிருந்தோம்.

ஒரு காலையில் அம்மா கிழங்கு அவித்து, எனக்கும் அம்மாசிக்கும் கொடுத்துவிட்டு, தன் பங்கைத் தட்டில் வைத்தாள். அம்மாசி தன்னுடையதை மளமளவென்று விழுங்கினான். அடுத்த நிமிடம் அம்மாவின் பங்கையும் அள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினான்.

"திருட்டுப் பயலே, நில்லுடா" என்று அம்மா ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு துரத்தினாள். பாதி வழியில் சட்டென்று நின்றுவிட்டாள்.

"ஏம்மா நின்னுட்டே? பிடி, எல்லாத்தையும் தின்னுடப் போறான்" என்றேன்.

"தின்னட்டும் விடுடி" என்றாள் அம்மா. "என் பிள்ளை ஓடறான் பாரு."